பிரிகேடியர் என்றே போடு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கான அழைப்பிதழ் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குத் தொலைபேசி கேட்கவில்லை. என் மனைவி ராசாத்திதான் எடுத்தாள். பேசியது பஸ் ஓட்டும் சிவநேசன்.

"அக்கா, பிரிகேடியர் மோசம் போயிட்டாராம். காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவராம், அப்பிடியே கதிரையிலை சாஞ்சிட்டாராம். அண்ணைக்குச் சொல்லிவிடுங்கோ."

ராசாத்தி வந்து மெஷினை நிறுத்தினாள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நாங்கள் இந்த அச்சகத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அவள் ஓடுகிற மெஷினை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. சத்தம் போடுவதற்காக வாயைத் திறந்த நான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். எண்பத்தெட்டு வயது, பாயில் படுக்கவில்லை, ஒருவருக்கும் பாரமாக இருக்கவில்லை. நல்ல சாவு என்று எங்கள் ஆட்கள் சொல்கிற வகைதான். ஆனாலும் அன்று முழுவதும் எனக்கு யார் மேலோ கோபமாக இருந்தது. அழைப்பிதழில் பிள்ளையின் பெயர் மடிப்பில் விழுந்துவிட்டது என்று மூன்று கட்டைத் திரும்ப அடித்தேன். உண்மையில் மடிப்பு சரியாகத்தான் இருந்தது.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். பஸ் டிப்போவில் பல வருடங்கள் சாரதிகளுக்கு ஷிப்ட் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். கானா நாட்டுக்காரர். நெடிய ஆள், நரைத்த மீசை, மழையோ வெயிலோ இஸ்திரி போட்ட வெள்ளை ஷேர்ட். எங்கள் சாரதிகள் தைப்பொங்கலுக்கு லீவு கேட்கப் போனால், அவர்கள் வாயைத் திறக்க முன்பே பெயரை எழுதி வைத்திருப்பார். சித்திரைப் புத்தாண்டு இந்த முறை பதின்மூன்றா பதினான்கா என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கும்போது, இரண்டு நாளுக்கும் ஆள் பிரித்துப் போட்டுவிடுவார். அவரை அங்கே எல்லோரும் பிரிகேடியர் என்றுதான் அழைத்தார்கள். முழுப் பெயர் பிரிகேடியர் எபோ. கானா இராணுவத்தில் முப்பத்தாறு வருடம் இருந்தவர். அவருடைய பட்டாள வாழ்க்கையை எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அதை இரண்டு முறை அச்சடித்தவன் நான். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

முதன்முதலாக அவர் என் கடைக்கு வந்தது மனைவி இறந்த கிழமை. அவர் மனைவி அரபா அம்மா இங்கே மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிகேடியர் மேசையில் ஒரு படத்தை வைத்தார். கல்யாண நாள். பக்கத்தில் அவர், முழு இராணுவ உடையில். நான் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் யூனிஃபோர்மைக் கண்டால் என் வலக்கை தானாக ஷேர்ட் பொக்கற்றுக்குப் போய் அடையாள அட்டையைத் தேடும். படத்தைக் கண்டும் தேடியது. பொக்கற்றில் இருந்தது மூக்குக்கண்ணாடியும் பஸ் கார்ட்டும். அவர் என் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவள் மட்டும் இருக்கிற படமும் கொண்டு வந்திருக்கிறேன்" என்றார். அவர் பேசியது ஆங்கிலம். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான் என்றாலும், அவர் என்னை நீ என்றுதான் சொன்னார் என்று என் காது முடிவு செய்துவிட்டது. அப்படியே தருகிறேன்.

அவருக்கு வேண்டியிருந்தது நாங்கள் கல்வெட்டு என்று சொல்வதைத்தான். எங்களுக்கு முப்பத்தோராம் நாள், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், தேவாரம் எல்லாம் சேர்த்து ஒரு புத்தகம். கானாக்காரரும் சவ அடக்கத்தன்று அதே மாதிரி, இன்னும் பளபளப்பாக, ஒன்று கொடுப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நாங்கள் தனி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது.

அந்தப் புத்தகத்தில்தான் நான் பெரிய பிழை விட்டேன். கணவன் இருக்கப் பெண் கண்மூடினால் எங்களுக்கு அவள் சுமங்கலி. பூவும் பொட்டும் கூறைச்சேலையுமாக அனுப்பிவைப்போம். அந்த நினைப்பில், ஒருவரும் கேட்காமலே, அட்டை முழுவதையும் நல்ல குங்குமச் சிவப்பில் செய்து கறுப்புக் கரை போட்டு வைத்தேன். எனக்கே என் வேலை பிடித்திருந்தது. புரூஃபைக் கையில் வாங்கியவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிவப்பு யார் சொன்னது?"

"எங்கள் வழக்கத்தில் இது பெரிய மரியாதை" என்றேன்.

"எங்கள் ஊரில் சிவப்பும் கறுப்பும் அகாலமாகப் போனவர்களுக்கு. பேரப்பிள்ளை கண்டு போனவர்களுக்கு வெள்ளையும் கறுப்பும். என் மனைவிக்கு எழுபத்து மூன்று. இதைக் கொண்டுபோனால் மண்டபத்தில் இருப்பவர்கள் என்ன நடந்தது என்று கேட்பார்கள்."

உடனே மாற்றித் தருவதாகச் சொல்லிக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. பிறகு சொன்னார்: "அட்டை வெள்ளையாக இருக்கட்டும். உள்ளே நான் அவளுக்கு எழுதும் பக்கத்தை மட்டும் சிவப்பில் அடி. ஊருக்கு அவள் வயதாகிப் போனவள். எனக்கு அப்படியில்லை." அப்படியே அடித்தேன். ராசாத்தி அந்தப் பக்கத்தை மடித்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் வெள்ளிக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். வேலை ஒன்றுமில்லை, சும்மா. ஒரு குளிர்காலத்தில் உள்ளே நுழைந்தவுடன் மூக்கைத் தூக்கி மோந்தார். லண்டன் குளிரில் தோசை மா புளிக்காது. ராசாத்தி மாப் பானையைப் பெரிய மெஷினின் பின்பக்கச் சூட்டில் வைப்பாள். தமிழ் அச்சகம் என்றால் இதுவும் ஒரு துறை. அவர் நேராகப் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வீடு வந்து சேர்ந்தவர் மாதிரிச் சிரித்தார். அன்றுதான் அவருடைய பட்டாள வேலை என்ன என்று தெரிந்தது.

அவர் சேர்ந்தது பதினெட்டு வயதில், எழுத்தராக. கையெழுத்து அழகு என்பதால் எடுத்தார்களாம். வெள்ளைக்காரர் போன கையோடு அதிகாரி ஆகி, வழங்கல் போக்குவரத்துப் பிரிவிலேயே கடைசிவரை இருந்தார். லொறி, மா, அரிசி, சப்பாத்து, மருந்து. மற்ற அதிகாரிகள் அவரை ரொட்டி மேஜர் என்று நக்கலடிப்பார்களாம். "சுடுகிறவனுக்கும் பசிக்கும். அதைப் பார்க்க ஒருவன் வேண்டும்" என்பார். முப்பத்தாறு வருடத்தில் அவர் எவரையும் நோக்கி ஒரு வேட்டும் வைத்ததில்லை. வெளிநாடொன்றில் பாலைவனத்தில் அமைதி காக்கப் போனபோது, அவருடைய ஆட்கள் தகரத்தில் அடைத்த சாப்பாட்டைத் தின்று தின்று நாக்குச் செத்துப்போனார்கள். இவர் சோள மாவைத் தண்ணீர்ப் பீப்பாயில் கரைத்துப் புளிக்க வைத்தார். உருண்டை பிடித்து, சோளப் பொத்தியின் தோலில் சுற்றி அவிப்பது அவர்கள் ஊர்ச் சாப்பாடு. பார்வையிட வந்த வேறு நாட்டுக் கேணல் மூக்கைப் பொத்திக்கொண்டு, கெட்டுப்போன சாமானை உடனே கொட்டச் சொன்னாராம். "இது கெட்டுப்போகவில்லை, ஐயா. இன்னும் ஆகவில்லை" என்று இவர் பீப்பாய்க்கு முன்னால் போய் நின்றாராம். மூன்றாம் நாள் அந்தக் கேணலும் இரண்டு உருண்டை சாப்பிட்டார் என்று சொல்லிவிட்டுத் தொடையில் அடித்துச் சிரிப்பார். இந்தக் கதையை எங்கள் கடையில் குறைந்தது பத்துத் தடவை கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் உருண்டை ஒன்று கூடும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, கையில் நாலு தாளோடு வந்தார். தன்னுடைய புத்தகத்தை இப்போதே தயார் செய்து வைக்க வேண்டும் என்றார். ராசாத்தி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "உங்களுக்கு விசரே? உயிரோடை குத்துக்கல்லாட்டம் இருக்கிற மனிசனுக்கு ஆராவது கல்வெட்டு அடிப்பினமே? ஏலாது எண்டு சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். அவர் கேட்கவில்லை. "எத்தனை லொறி, எந்தப் பாதை, எத்தனை மணிக்கு என்பதை முதலே எழுதிவைக்காமல் நான் ஒரு பயணமும் போனதில்லை" என்றார்.

நானும் தொழிலில் ஊறினவன் அல்லவா, உற்சாகம் வந்துவிட்டது. என்னிடம் கல்வெட்டுக்கு வந்த எவரும் சாதாரண ஆளாகத் திரும்பிப் போனதில்லை. பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் நின்றவரைப் பிரபல வர்த்தகர் ஆக்கியிருக்கிறேன். கோயிலில் ஒருநாள் வடை விநியோகித்தவர் சமூகத் தொண்டர். இறந்தவருக்கு ஒரு மரியாதை, எனக்கு ஒரு வாடிக்கை. தாளைப் பார்த்தால் அவருடைய பதவி வரிசையில் ஓரிடத்தில் மேஜர் ஜெனரல் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் மறுபடி பிரிகேடியர். நான் உடனே அட்டைக்குப் பெரிய எழுத்தில் மேஜர் ஜெனரல் என்று அடித்துக் காட்டினேன்.

"இல்லை. பிரிகேடியர் என்றே போடு."

"ஆனால் நீங்கள் ஜெனரலாக இருந்திருக்கிறீர்களே?"

"பதினொரு கிழமை இருந்தேன்" என்றார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பத்துத் தடவை சொன்ன கதைகள் எதிலும் வராத இதைச் சொன்னார்.

அவர் அப்போது தலைநகரில் இருந்த லொறிகளுக்கெல்லாம் பொறுப்பு. ஒரு நாள், முப்பது லொறி வேண்டும் என்று ஒரு தாள் வந்தது. "காரணம் என்ற இடம் வெறுமையாக இருந்தது. ஒரு சாக்கு மாவுக்குக் காரணம் எழுதாவிட்டாலும் தாளைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அன்று அனுப்பவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்." மறுநாள் விடிய அந்த லொறிகளில் சிப்பாய்கள் போனார்கள். காலைச் சாப்பாட்டுக்குள் ஆட்சி மாறிவிட்டது. ஒரு வாசலில் காவலுக்கு நின்ற ஒருவன் செத்துப்போனான். மூன்றாம் கிழமை புதிய ஆட்கள் இவரை மேஜர் ஜெனரல் ஆக்கி ஒரு பெரிய வீடும் கொடுத்தார்கள். இவரும் வாங்கிக்கொண்டார். பதவி கிடைத்த பதினோராம் கிழமை, அந்த லொறிகளில் ஒன்றை ஓட்டிய சார்ஜன்ட் ஏதோ அலுவலாக வந்தவன், போகும்போது ஒன்று சொன்னானாம்: "எங்கே போகிறோம் என்று எங்களுக்குத் தெரியாது, ஐயா. உங்கள் கையெழுத்து இருந்தது, அதனால் ஓட்டினோம்."

"அடுத்த நாள் பதவியைத் திருப்பித் தருகிறேன் என்று கடிதம் எழுதினேன். அவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மேலே ஏறுவதற்குப் படிவம் இருக்கிறது, இறங்குவதற்கு இல்லை. கடைசியில் பிரிகேடியராக இறக்கி வடக்கே ஒரு கிடங்குக்கு அனுப்பினார்கள். மற்றப் பதவியெல்லாம் நான் செய்த வேலைக்குக் கிடைத்தது. அது நான் செய்யாததற்குக் கிடைத்தது."

கையிலிருந்த தாளை மேசையில் வைத்தேன். பிறகு, "விடிய இராணுவ லொறிகள் வந்து நின்ற ஊரில் பிறந்தவன் நான்" என்றேன்.

"தெரியும். அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்" என்றார்.

அன்று எனக்கு அவர் மேல் கொஞ்சம் வெறுப்பு வந்தது. தேத்தண்ணியை மேசையில் சத்தமாகவே வைத்தேன். அவர் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை வருவாரோ என்று பன்னிரண்டு மணியிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான். வந்தார். அந்த முழுக் கதையையும் தன் கையால் ஒரு பக்கமாக எழுதிக் கொண்டு வந்திருந்தார். "உன் கையில் வருகிறவர்களை நீ பெரியவர்கள் ஆக்கிவிடுகிறாய் என்று தெரியும். என்னைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார். சரி என்று கை கொடுத்தேன்.

அவர் இறந்த மூன்றாம் நாள் மகள் எஃபுவா வந்தாள். வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதிபர். அதட்டிப் பழகிய குரல். நான் தயாராக வைத்திருந்த புத்தகத்தைக் கையில் எடுத்தவள் அட்டையைப் பார்த்தவுடன் கீழே வைத்துவிட்டாள்.

"இது பிழை, அங்கிள். அப்பா மேஜர் ஜெனரல். எங்கள் கானாச் சங்கத்தார் அப்படித்தான் வட்ஸ்அப்பில் அறிவித்தல் போட்டுவிட்டார்கள். தூதரகத்திலிருந்தும் ஆள் வருகிறார்."

"அவர் பிரிகேடியர் என்றுதான் போடச் சொன்னவர், பிள்ளை."

"அவர் சொல்வார்! எனக்கு அப்போது பத்து வயது. பெரிய வீட்டிலிருந்து ஒரே நாளில் சாமானைக் கட்டிக்கொண்டு வடக்கே போனோம். உன் அப்பா என்ன திருடினார், ஏன் இறக்கினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். 'நானே வேண்டாம் என்று சொன்னேன்' என்று மட்டும்தான் அப்பா சொன்னார். நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. அவர் என்ன செய்திருந்தாலும் பரவாயில்லை, ஜெனரல் என்ற பெயரோடு அவரை அனுப்ப வேண்டும்."

அப்பாவைக் கள்ளன் என்று எண்ணிக்கொண்டே நாற்பத்தைந்து வருடம் அவரை நேசித்த பிள்ளை எனக்கு முன்னால் நின்றது. வாடிக்கையாளர் கேட்டதை அடித்துக் கொடுப்பதுதான் தொழில். ஒரு குடும்பத்துக்குள் தலையிட நான் யார்? ஆனால் அவருக்குக் கை கொடுத்துவிட்டேன். அவர் எழுதிய அந்தப் பக்கத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தாள்.

"இதைச் சொல்லியிருக்கலாமே. எனக்கு ஒரு நாள் சொல்லியிருக்கலாமே" என்றாள். அதிபர் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. ராசாத்தி வந்து, "இருங்கோ பிள்ளை" என்று கதிரையைப் போட்டாள். எஃபுவா அழுதாள், முகத்தைத் துடைத்தாள், பிறகு போனை எடுத்துச் சங்கத் தலைவருக்கு அடித்தாள். அவர் மறுமுனையில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. பதவிப்படி கதிரை ஒழுங்குபடுத்தியாகிவிட்டது, இனி எப்படி மாற்றுவது என்கிறார்.

"அப்படியென்றால் கதிரைகளை மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். "அங்கிள், அட்டையில் பிரிகேடியர். இந்தப் பக்கம் முழுதாக உள்ளே வர வேண்டும். மண்டபத்தில் நான்தான் வாசிப்பேன்."

வாசித்தாள். தடுமாறாமல் வாசித்தாள். தூதரகத்து மனிதர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயதான கானாப் பெண்கள் சிலர் தலையை மெல்ல ஆட்டினார்கள். கடைசி வரிசையில் எங்கள் தமிழ்ச் சாரதிகள் பதினொரு பேர், வெள்ளை ஷேர்ட்டும் கறுப்புக் காற்சட்டையுமாக. வெளியே வந்ததும் சிவநேசன் என் கையைப் பிடித்தான்.

"அண்ணை, அப்ப அவர் மெய்யாவே பிரிகேடியரோ?"

"பின்னை?"

"நாங்கள் அது பட்டப்பேர் எண்டெல்லோ நினைச்சனாங்கள்! கடுமையா ஷிப்ட் போடுற மனிசன் எண்டு ஆரோ நக்கலுக்கு வைச்சதெண்டு. இவ்வளவு வரியமும் நக்கலுக்கு எல்லோ கூப்பிட்டனாங்கள். அவரும் 'ஓம், ஓம்' எண்டு திரும்பிப் பாப்பார்!"

சவ வீட்டு வாசல் என்பதையும் மறந்து பதினொரு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் இருந்திருந்தால் தொடையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். அதைச் சொல்ல என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் அப்பா ஊரில் இறந்தபோது நான் லண்டனில், தம்பி டொரொன்ரோவில். வீசாவும் இல்லை, பாதையும் இல்லை. அப்பாவின் கல்வெட்டை நான்தான் இங்கே அடித்தேன். அதில் "இறுதிக் காலத்தில் பெற்ற மக்கள் அருகிருந்து பேணினர்" என்று எழுதினேன். எல்லாக் கல்வெட்டிலும் வருகிற வரிதானே என்று எழுதினேன். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தை நான் ஒருநாளும் திறந்து படித்ததில்லை.

போன மாதம் அதைத் திரும்ப அடித்தேன். அந்த இடத்தில் "மூத்த மகன் லண்டனில் இருந்தார், வரவில்லை" என்று போட்டு, தம்பிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். கிடைத்ததும் போன் எடுத்தான்.

"அண்ணை, இப்ப இதை ஆர் உன்னட்டைக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

மறுமுனையில் அவன் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"நானும் நிக்கேல்லையே. என்ரை பேரையும் போடு" என்றான். பிறகு, "அண்ணை, அப்பாவைக் கடைசி மட்டும் கழுவித் துடைச்சுப் பாத்தது பக்கத்து வீட்டுப் பரிமளமக்கா. அவவின்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை" என்றான்.

பரிமளமக்கா என்ற பெயர் அப்பாவின் கல்வெட்டில் இப்போது இருக்கிறது. அவர் இன்னும் ஊரில் உயிரோடு இருக்கிறார். மறுபடி அடித்ததில் முதல் பிரதி அவருக்குத்தான் போயிருக்கிறது.